யெலோஸ்ரோனுக்குப் போகிற கார்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நிற்க வேண்டிய வாடகை வான் ஒன்பதரையாகியும் வரவில்லை.

ஜெயமலர் நான்காவது தடவையாகக் கதவைத் திறந்து பார்த்தாள். மில்லிக்கன் புறநகரில் அவர்களுடைய தெரு வெறுமையாகக் கிடந்தது. எதிர் வீட்டுச் சீனக் கிழவர் மட்டும் குழாயைப் பிடித்துப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் கையை அசைத்தார். அவளும் அசைத்தாள்.

கூடத்தில் பைகள் தயாராக இருந்தன. பக்கத்தில் கூலர். அதற்குள் துண்டு போட்ட பாண், சீஸ், முந்திரிகைப்பழம், சோடா. சோறு அவிக்கிற குக்கர் இல்லை, காஸ் அடுப்பு இல்லை. அவை இல்லாமல் ஒரு பயணம் போவதற்காக ஜெயமலர் இரண்டு மாதம் சண்டை பிடித்திருந்தாள்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அந்தச் சண்டை தெரியும். இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். ஜெயமலரின் கணவன் தில்லைநாதன். அவனுடைய அண்ணன் சிவபாதம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் தம்பி குடும்பத்தைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் அவர் சொல்தான் சொல். ஒவ்வொரு கோடையிலும் அவர் தலைமையில் அமெரிக்கப் பயணம் ஒன்று நடக்கும். வாஷிங்டன், நியூயோர்க், ஃபுளோரிடா, ஸ்மோக்கி மலை. எங்கே போனாலும் ஆண்களும் பிள்ளைகளும் இறங்கிப் பார்க்கப் போவார்கள். ஜெயமலரும் சிவபாதத்தின் மனைவி கமலாம்பிகையும் கார் பாக்கிங் லொட்டில் அடுப்பை மூட்டுவார்கள். கடைச் சாப்பாடு சிவபாதத்துக்கு ஒத்துக்கொள்ளாது.

வாஷிங்டனில் அந்த வெள்ளைத் தூணின் உச்சிக்கு எல்லோரும் ஏறியபோது ஜெயமலர் கீழே பருப்பு அவித்துக்கொண்டிருந்தாள். "மலர், உச்சியில நிண்டு பாக்க எங்கட வான் தெரிஞ்சது!" என்று தில்லைநாதன் சந்தோசமாக வந்து சொன்னான். அவள் அவனுக்குச் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம்தான் சொன்னாள். மகள் நிலாணி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்திருந்தாள். யெலோஸ்ரோன் பூங்கா. அங்கே நிலத்துக்குள்ளிருந்து கொதிநீர் பனை உயரத்துக்குப் பீறிட்டு அடிக்குமாம். அடித்து ஓய்ந்தால் அடுத்த தடவைக்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். படத்தில் அதைச் சுற்றி நீள நீளமாக மர வாங்குகள் போட்டிருந்தார்கள். சனங்கள் சும்மா அதில் இருந்து காத்திருந்தார்கள். ஜெயமலர் கொதிநீரைவிட அந்த வாங்குகளைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"அடுப்பில ஒண்டும் வைக்காமல் ஒண்டரை மணித்தியாலம் நானும் அதில குந்தியிருக்கோணும்," என்றாள்.

சிவபாதம் சிரித்தார். ஆனால் சண்டையின் முடிவில், எல்லோரும் அதிசயப்படும்படி, ஓம் என்றார். வானையும் ஒழுங்கு செய்தார்.

இப்போது வாசலில் வந்து நின்றது வான் அல்ல. அவருடைய தவிட்டு நிற ப்யூக் கார்.

அவர் இறங்கி வந்து படியிலேயே நின்றார். சவரம் செய்யாத முகம். கோயிலுக்குப் போகாத நாளிலும் நெற்றியில் விபூதி இல்லாமல் வெளிக்கிடாதவர், இன்றைக்கு வெறும் நெற்றியோடு நின்றார்.

"பயணம் இல்லை. வானைத் திருப்பிக் குடுத்திட்டன்."

"ஏன் அத்தான்?"

"இல்லையெண்டால் இல்லை. விளக்கம் வேணுமோ?"

"ரெண்டு பேரும் ரெண்டு கிழமை லீவு எடுத்திருக்கிறம். ஏனெண்டு தெரியத்தானே வேணும்."

"நான் சொன்னாக் காணும்." அவர் பைகளைப் பார்த்தார், கூலரைப் பார்த்தார். அவளுடைய முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "அடுத்த வருசம் பாப்பம்."

மாடிப்படியில் நின்ற நிலாணி, "பெரியப்பா, திஸ் இஸ் நொட் ஃபெயர்!" என்றாள்.

"எனக்கும் இங்கிலிஸ் விளங்கும், பிள்ளை."

 பதினொரு வருடமாக இந்த மனிதர் நிற்கிற இடத்தில் எல்லாம் அவள் ஒரு அடி பின்னால் நின்றிருக்கிறாள். வாயிலிருந்து வந்த குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அப்ப நாங்கள் போறம்."

"எதில?"

"எங்கட காரில."

"ஆர் ஓடுறது?"

"நான்."

சிவபாதம் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீர் லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருசம். மரக்கறிக் கடைக்குப் போய் வாறீர். ஒருநாளாவது ஹைவேயில ஏறியிருக்கிறீரோ?"

"இல்லை. இண்டைக்கு ஏறுவன்."

"தில்லைக்கு ரெலிபோனில சொல்லிப்போட்டன். அவன் ஓமெண்டிட்டான்." அவர் திரும்பிக் காரை நோக்கி நடந்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவை என்று அவர் நினைக்கவில்லை. எப்போதும் நினைத்ததில்லை.

கார் தெருமுனையில் மறைந்தது. ஜெயமலர் கதவை அகலத் திறந்து வைத்தாள். பிறகு குனிந்து கூலரின் ஒரு கைபிடியைப் பிடித்தாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?"

"மற்றப் பக்கத்தைப் பிடி."

நிலாணிக்குப் பதினைந்து வயது. தாய் சத்தமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. இப்போதும் சத்தமில்லை. ஆனால் அவள் ஓடிப்போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள்.

சிவப்புக் கொரோலாவின் டிக்கி நிறைந்தது. தங்களுடைய பாஸ்போட்டுகள் ஜெயமலரின் கைப்பையில் இருந்தன. கார்ச் சங்கத்துக் கந்தோரில் வாங்கிய வழிப்புத்தகத்தை நிலாணி மடியில் வைத்துக்கொண்டாள். சார்னியாவில் எல்லை கடந்து, சிக்காகோ, பிறகு மேற்கே மேற்கே என்று மஞ்சள் மையால் கோடு இழுத்திருந்தார்கள். அதோடு தந்த தாளை வாசித்துக்கொண்டு வந்தவள் நிமிர்ந்தாள்.

"அம்மா, பிள்ளையோட ஒரு பேரன்ற் மட்டும் போறதெண்டா மற்றவரின்ர லெற்றர் வேணுமாம். அப்பா சைன் பண்ணோணும்."

"கொப்பா பெரியப்பாவை மீறி வரமாட்டார். எழுது."

"இப்பவோ?"

"இங்கிலிசில வடிவா எழுது. நான் கொப்பாவுக்கு ரெலிபோன் எடுக்கிறன்."

தில்லைநாதனுக்குப் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ற் ஓடுகிற வேலை. அன்றைக்கு அரை நாள். கூட வேலை செய்கிறவனுடைய காரில் போயிருந்தான். மத்தியானம் வான் போய் அவனை அங்கேயே ஏற்றிக்கொண்டு மேற்கே திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

"மலர், அண்ணை சொன்னவர்..." என்று தொடங்கினான்.

"அண்ணை சொன்னதை நானும் கேட்டனான். நாங்கள் வாறம். பதினொண்டரைக்கு வாசலில நில்லுங்கோ. ஒரு கையெழுத்து வேணும்."

"வாறமோ? எப்பிடி வாறியள்?"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

காரைப் பின்னுக்கு எடுக்கும்போது நிலாணி, "அம்மா, நில்லுங்கோ, நில்லுங்கோ!" என்று கத்தினாள்.

நடைபாதையால் கமலாம்பிகை வந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வருத்தம். வீட்டிலிருந்து கால் மணித்தியாலம் நடந்திருக்க வேண்டும். தோளில் கைப்பை, ஒரு கையில் பயணப்பை. மற்றக் கையால் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்திருந்தார். காலில் யாரோ இளைஞன் விட்டுப்போனது போன்ற பெரிய ஓட்டச் சப்பாத்து.

ஜெயமலர் கண்ணாடியை இறக்கினாள். இத்தனை வருடமும் "அத்தான் சொன்னாச் சரிதானே, மலர்" என்று மட்டுமே சொல்லிய வாய் அது. தன்னைத் தடுக்கச் சிவபாதம்தான் அவரை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தாள்.

"அக்கா, நீங்கள் என்ன சொன்னாலும் நான் நிக்கமாட்டன்."

"ஆர் உன்னை நிக்கச் சொன்னது? டிக்கியைத் திற."

கமலாம்பிகை பின்னால் ஏறி, முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார். "எடு, மலர். அவர் கடைக்குப் போட்டார். வாறதுக்குள்ள போயிடோணும்."

கார் நகர்ந்தது. இரண்டு சந்தி தாண்டினார்கள்.

"கீதனைப் பாக்கப் போறன்," என்றார் கமலாம்பிகை.

கீதன் அவருடைய ஒரே மகன். வோட்டலூவில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தவன் இரண்டு வருடத்துக்கு முன் அதை விட்டுவிட்டு, மொன்ரானாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பாறைகளைப் பற்றிப் படிக்கப் போனான். "கல்லுப் பொறுக்கப் போறவன் இனி இந்த வாசல்படி மிதிக்கக்கூடாது" என்று சிவபாதம் சொன்னார். அவன் மிதிக்கவில்லை. அந்த வீட்டில் அவனுடைய பெயரைச் சொல்வதும் நின்றுபோனது.

"மே மாசம் ஒரு போஸ்ற்காட் போட்டவன். யெலோஸ்ரோனில நிக்கிறானாம். ஊத்துகளின்ர சூட்டை அளக்கிற வேலை, கோடைக்கு மட்டும். நான் சாமிப்படத்துக்குப் பின்னால ஒளிச்சு வைச்சனான். வியாழக்கிழமை படத்தைத் துடைக்கேக்க பாத்தன், காட் தலைகீழாக் கிடந்தது. கண்டிட்டார். அதுதான் வானைத் திருப்பிக் குடுத்தது."

ஜெயமலர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். காரணம் கேட்டபோது அவர் ஏன் முகத்தைப் பார்க்கவில்லை என்று இப்போது விளங்கியது போலிருந்தது.

"எனக்கும் தெரியும்," என்றாள் நிலாணி மெல்ல. "கீதன் அண்ணா என்ர ஸ்கூல் ஈமெயிலுக்கு எழுதினவர். அதுதான் அந்தப் புக்கை எடுத்தனான்."

"அப்ப யெலோஸ்ரோன் நான் கேட்டதில்லையோ? நீ கேக்க வைச்சதோ?"

"வாங்கு உங்கட ஐடியா, அம்மா. நான் பிராமிஸ்."

கமலாம்பிகை முன்னால் சாய்ந்தார். "இப்பவும் எழுதுறவனோ?"

"ஜூனில இருந்து ரிப்ளை இல்லை, பெரியம்மா."

ஸ்ரீல்ஸ் வீதியால் மேற்கே போய், 404 நெடுஞ்சாலையில் சிறிது தூரம் நடுங்கி, 407இல் ஏறினாள். அந்தக் கோடையில்தான் திறந்த புதுச் சாலை. தார் இன்னும் கறுப்பாக இருந்தது. காரும் அதிகம் இல்லை. அப்படியும் ஜெயமலர் வேகம் கூட்டவில்லை. வலது லேனில் எண்பதில் போனாள். ட்ரக்குகள் உறுமிக்கொண்டு கடந்தன. ஒவ்வொன்று கடக்கும்போதும் கார் ஒருமுறை ஆடியது. பின்னால் கமலாம்பிகை தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். திடீரென்று நிறுத்தினார்.

"எல்லாரும் எங்களை முந்துறாங்கள்."

"ஓம் அக்கா."

"நீயும் ஒருத்தனை முந்தன்."

முன்னால் படகு ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு பழைய வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஜெயமலர் கண்ணாடியைப் பார்த்தாள். தோளுக்கு மேலால் பார்த்தாள். சிக்னலைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் எடுத்து அக்ஸிலேற்றரை அமத்தினாள். நூறு. நூற்றைந்து. படகு பின்னால் போனது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஜெயமலருக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது. துடைக்கக் கையை எடுக்கப் பயமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டாள்.

பிறம்ரனில் அந்தப் பண்டகசாலை ஒரு விளையாட்டு மைதானம் அளவு இருந்தது. வரிசையாக ட்ரெய்லர்கள் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றன. வேலியோரம் செம்மஞ்சள் மேலங்கியோடு தில்லைநாதன் நின்றான். கொரோலாவைக் கண்டதும் ஓடி வந்தான்.

"ஹைவேயாலயோ வந்தனி?"

"பின்னை பறந்தோ வந்தனான்?"

அவன் குனிந்து பின் இருக்கையைப் பார்த்தான். முகம் மாறியது. "அண்ணி... நீங்களுமோ?"

"நானும்தான், தம்பி."

நிலாணி கடிதத்தை நீட்டினாள். அவன் வாசித்தான். வாசித்து முடித்தும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மலர், ஒண்டு சொல்லோணும். அண்ணை திரும்ப எடுத்தவர். அண்ணியைக் காணேல்லை எண்டார். நீங்கள் இஞ்ச வாறியளெண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் சொன்னீங்கள்?"

"கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரேல்லை."

அவள் பதில் சொல்வதற்குள் ப்யூக் கேற்றுக்குள் நுழைந்து கொரோலாவுக்குக் குறுக்கே வந்து நின்றது.

சிவபாதம் இறங்கினார். யாரையும் பார்க்காமல் நேரே பின் கதவடிக்கு வந்தார்.

"கமலா, இறங்கு."

அந்தக் குரலுக்கு இரண்டாம் தடவை தேவைப்பட்டதை ஜெயமலர் கண்டதில்லை. கமலாம்பிகை கதவைத் திறந்தார். இறங்கவும் செய்தார். ஆனால் அவருக்குப் பின்னால் போகவில்லை. காரில் சாய்ந்து நேராக நின்றார்.

"சொல்லுங்கோ."

"ஆரைக் கேட்டு வெளிக்கிட்டனி?"

"ஆரையும் கேக்கேல்லை. பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பேக்க நீங்கள் என்னைக் கேட்டோ அனுப்பினீங்கள்?"

"அவன் தானாப் போனவன்."

"வாசல்படி மிதியாதை எண்டு சொன்னது ஆர்? நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டனான். அண்டைக்கு நான் வெளியில வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கோணும். சொல்லேல்லை. ரெண்டு வருசமா அதை நினைச்சு நினைச்சுச் சாகிறன். இண்டைக்குச் சொல்லுறன், கேளுங்கோ. நான் என்ர பிள்ளையைப் பாக்கப் போறன். ஒளிச்சுப் போகேல்லை. பட்டப்பகலில, உங்கட கண்ணுக்கு முன்னால போறன்."

ஏற்றுமேடையில் நின்ற இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மொழி விளங்காவிட்டாலும் விசயம் விளங்கியிருக்கும்.

சிவபாதம் தம்பியிடம் திரும்பினார். "தில்லை. அந்தக் கடிதத்தில கையெழுத்து வையாதை. பிள்ளை போகாட்டில் இவையளும் போகேலாது."

தில்லைநாதன் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெயமலருக்கு வாய் துடித்தது. 'வையுங்கோ' என்று ஒரு சொல். சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவனுக்கும் அவள் சொல்லித் தரப்போவதில்லை.

"பேனை இருக்கோ, நிலா?" என்றான் அவன்.

நிலாணி கொடுத்தாள். அவன் தாளைக் காரின் பொனற்றில் விரித்தான். வெயிலில் அது சுட்டது. கையை ஒருமுறை உதறிவிட்டு, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினான். திகதியும் போட்டான்.

"தில்லை!"

"அண்ணை, நீங்கள் கூப்பிட்டுத்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தனான். அதை நான் மறக்கமாட்டன். ஆனா இது என்ர பிள்ளை. இதுக்கு நான்தான் கையெழுத்து வைக்கோணும்." அவன் தாளை மடித்து மகளிடம் கொடுத்தான்.

சிவபாதம் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. ப்யூக்கின் பக்கவாட்டில் போய்ச் சாய்ந்தார். ஒரே நாளில் வயது போனவர் போலிருந்தார்.

"போங்கோ. ஆனா நீங்கள் போற இடத்தில அவன் இல்லை."

கமலாம்பிகையின் கை சேலைத் தலைப்பில் நின்றுபோனது. "என்ன?"

"அங்க இல்லை. மூண்டு கிழமைக்கு முதலே போட்டானாம். எங்கயெண்டு அங்க ஒருத்தருக்கும் தெரியாது."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ரெலிபோன் எடுத்தனான். நேற்று. நாங்கள் வாறம் எண்டு சொல்ல."

ட்ரெய்லர் ஒன்று பின்னோக்கி வந்து மேடையில் இடித்து நின்றது. அந்தச் சத்தம் அடங்கும்வரை கமலாம்பிகை கணவனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயமலர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். யெலோஸ்ரோன் என்றதும் இந்த மனிதர் ஏன் ஓம் என்றார்? அப்படியானால் அந்தப் போஸ்ற்காட்டை அவர் வியாழக்கிழமை முதல் தடவையாகப் பார்க்கவில்லை. மேயிலேயே பார்த்துவிட்டார். பார்த்துத்தான் வானை ஒழுங்கு செய்திருக்கிறார்.

"நேற்று மட்டுமோ எடுத்தனீங்கள்?" என்று கேட்டார் கமலாம்பிகை.

"ஜூனிலையும் ஒருக்கால்."

"அண்டைக்கு அவனோட கதைச்சனீங்களோ?"

"கதைச்சனான்."

"என்ன சொன்னனீங்கள்?"

சிவபாதம் கார்த் திறப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.  ஜூனில் பேசியிருக்கிறார், ஜூனிலிருந்து நிலாணிக்குப் பதில் இல்லை. பிறகு அவன் அந்த இடத்தையே விட்டுப் போயிருக்கிறான். அங்கே நின்ற எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் பொருந்தியது.

"உங்களைத்தான் கேக்கிறன். என்ர பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சரி," என்றார் கமலாம்பிகை. "நீங்கள் சொல்லவேண்டாம். அவனிட்டைக் கேக்கிறன்."

சுற்றிக்கொண்டு முன் பக்கம் வந்தார். "நிலா, நீ பின்னுக்குப் போ. நான் முன்னுக்கு இருக்கப்போறன்."

"அக்கா," என்றாள் ஜெயமலர், "அவன் அங்க இல்லையெண்டால்..."

"அவனோட வேலை செய்த பெடியள் இருப்பினம்தானே? கேப்பம். ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்கும். தெரியாட்டில் அடுத்த இடத்தில கேப்பம். உனக்கும் அந்தக் கொதிதண்ணி பாக்கோணும். நிண்டு யோசிச்சா ரெண்டும் நடவாது. எடு காரை."

ப்யூக் இன்னும் குறுக்கே நின்றது. சிவபாதம் அசையவில்லை. தில்லைநாதன் அண்ணனிடம் போய்க் கையை நீட்டினான்.  சிவபாதம் திறப்பை அவன் கையில் வைத்தார். தில்லைநாதன் ப்யூக்கில் ஏறி அதைப் பின்னுக்கு எடுத்து வழி விட்டான்.

பிறகு ஜெயமலரின் ஜன்னலடிக்கு வந்து குனிந்தான். "நான் அண்ணையோட வீட்டை போறன். இந்த நிலையில அவரை ஓட விட ஏலாது."

"தெரியும்."

"ட்ரக்குக்குப் பின்னால ஒட்டிப் போகாதை. நித்திரை வந்தா நிப்பாட்டு. லேன் மாறேக்க தோளுக்கு மேலால பார்."

"படகொண்டை முந்தினனான்," என்றாள் அவள்.

"என்னத்தை?"

"வந்து சொல்லுறன்."

அவன் சிரிக்க முயன்றான். மகளுடைய தலையை ஜன்னலுக்குள்ளால் ஒருமுறை தடவினான். ஜெயமலர் கியரைப் போட்டாள்.

410இல் தெற்கே இறங்கினால் 401. மேற்கே திரும்பினால் கனடாவின் லண்டன், சார்னியா, எல்லை. மத்தியான வெயிலில் ஆறு லேனும் நிறைந்து ஓடின. ஏறுகிற வளைவில் பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். ஜெயமலர் கண்ணாடியைப் பார்த்தாள், தோளுக்கு மேலால் பார்த்தாள், இடைவெளியைக் கண்டதும் நுழைந்தாள். யாரும் நின்று வழி கொடுக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

கமலாம்பிகை முன் கண்ணாடியால் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. துடைக்கவில்லை.

"பசிக்குது," என்றார் கொஞ்ச நேரத்தில்.

"கூலருக்குள்ள பாண் இருக்கு, அக்கா."

"வேண்டாம். வழியில கடையில நிப்பாட்டு. எனக்கு ஆராவது சமைச்சுத் தரட்டும்."

மில்ற்றன் தாண்டியது. பெரிய பாறை மேடு ஒன்று வலப்பக்கத்தில் நீளமாகத் தொடர்ந்து வந்தது. கீதன் இருந்தால் அதற்கும் ஒரு கதை சொல்லியிருப்பான் என்று நிலாணி சொல்ல வாயெடுத்தவள், பின் கண்ணாடியால் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா."

"என்ன?"

"பெரியப்பான்ர கார் பின்னால வருது."

ஜெயமலரின் கால் தானாக அக்ஸிலேற்றரிலிருந்து எழும்பியது. நடுக் கண்ணாடியில் தவிட்டு நிறம் தெரிந்தது. மூன்று கார்களுக்குப் பின்னால்.

"அவை வீட்டையெல்லோ போறதெண்டவை? வீட்டை போறதெண்டா ஈஸ்ற்தானே எடுக்கோணும்?"

"ஓம்மா. அப்பான்ர ஒரேஞ் ஜாக்கெற் தெரியுது, அவர்தான் ஓடுறார். பெரியப்பா பக்கத்தில இருக்கிறார்."

சிவபாதத்தின் காரில் சிவபாதம் பக்கத்து இருக்கையில் இருந்ததை அந்தக் குடும்பத்தில் யாரும் கண்டதில்லை. தடுக்க வருகிறார்களா, கூட வருகிறார்களா? தில்லைநாதன் அண்ணனை இழுத்துக்கொண்டு வருகிறானா, அண்ணன் தம்பியை விரட்டிக்கொண்டு வருகிறாரா? இவ்வளவு தூரத்தில் முகங்கள் தெரியவில்லை.

"நிப்பாட்டவோ, அக்கா?"

கமலாம்பிகை திரும்பிப் பார்க்கவில்லை.

"காலை எடாதை. அமத்து. வாறவை எல்லை வரைக்கும் வரட்டும்." மடியில் இருந்த தன் கைப்பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். "அவரின்ர பாஸ்போட்டும் இதுக்குள்ளதான் கிடக்கு."